சிவப்பு கூடிப்போன லேபிள்

எங்கள் ஊரில் நல்ல டிசைனர், மோசமான டிசைனர் என்று யாரும் கிடையாது. ராசியான கை, ராசியில்லாத கை, அவ்வளவுதான். பதினைந்து வருடமாக நான் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வரைகிறேன். முதல் எட்டு வருடம் சிவகாசியில் ஒரு அச்சாபீஸில் மாதச் சம்பளத்துக்கு. அதற்குப் பிறகு ஏழு வருடம் என் சொந்தக் கணினியில், என் சொந்த மேஜையில். இந்த ஏழு வருடத்தில் நான் ராசியான கையாகவும் இருந்தேன், ராசியில்லாத கையாகவும் இருந்தேன். இரண்டு காலத்திலும் கை ஒன்றுதான். யாரிடம் சொல்லி என்ன?

அச்சாபீஸ் வேலையை ஏன் விட்டேன் என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான் வைத்திருக்கிறேன். நாற்காலி. அங்கே வாடிக்கையாளர் வந்தால் டிசைன் போடுகிறவர் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார். டீ வரும். வடை வரும். வடை தின்ற விரலால் திரையைத் தொட்டு, "இதக் கொஞ்சம் அங்கன தள்ளு. இல்ல, இங்கன. பளைய எடத்துக்கே கொண்டா" என்பார். நான் வரைய மாட்டேன், அவர் சொல்லச் சொல்ல நகர்த்துவேன். எட்டு வருடம் நகர்த்தினேன். ஒருநாள் என் தோளுக்குப் பின்னால் மூன்று நாற்காலிகள். அப்பா, மகன், மாப்பிள்ளை. மூன்று பேருக்கும் மூன்று நிறம் பிடித்திருந்தது. அன்றைக்கே மொதலாளியிடம் போய்ச் சொல்லிவிட்டேன், அடுத்த மாதத்திலிருந்து வர மாட்டேன் என்று.

அண்ணன் வீட்டு மாடி அறையில் தொழிலைத் தொடங்கினேன். முதல் விதி, அறையில் இரண்டாவது நாற்காலி கிடையாது. பேச வேண்டுமா, போனில் பேசு. பார்க்க வேண்டுமா, வாட்ஸப்பில் பார்.

எங்கள் தெருவுக்குக் காலையில் பட்டாசுக் கம்பெனி வண்டி வரும். ஹாரன் கேட்டதும் தெருவே தூக்குவாளியோடு ஓடும். அண்ணன் மனைவியான மதினியும் அதில்தான் போவாள், ஒரு கம்பெனியில் பாக்கிங் பிரிவு. வண்டி போன பிறகு தெருவில் மிச்சம் இருப்பது நான்கு நாயும் நானும். எங்கள் ஆட்கள் ஒரு தலைமுறைக்கு முன்னால்வரை அடுத்தவர் காட்டில் களை எடுத்தவர்கள். வேலை என்றால் காலையில் ஒரு இடத்துக்குப் போக வேண்டும், சாயங்காலம் அழுக்காகத் திரும்ப வேண்டும். நான் மாடியில் உட்கார்ந்து சம்பாதிப்பதை யாரும் வேலையாக நினைக்கவில்லை. நான் அச்சாபீஸுக்குப் போய்க்கொண்டிருந்தபோது 'கம்ப்யூட்டர் பிள்ளை' என்றவர்கள், 'சும்மா இருக்கிற பிள்ளை' என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

எதிர் வீட்டுப் பெரியம்மா ஒருவர் தினமும் கேட்பார். "என்னத்தா, இன்னைக்கும் லீவா?"

"ஆமா பெரிம்மா. ஏழு வருசமா லீவுதான்."

"ஒடம்புக்கு என்ன செய்யிது?"

உள்ளே போய்விடுவேன்.

தொழில் கடன் கேட்டுச் சூலக்கரைத் தொழில் மையத்துக்குப் போனபோதும் இதே கதைதான். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் விண்ணப்பத்தைப் புரட்டிப் பார்த்தார். "கடை எங்கன இருக்கு?" என்றார். கடை இல்லை, வீட்டில்தான் என்றேன். "போர்டு?" இல்லை. "மிஷினு?" கம்ப்யூட்டர் இருக்கிறது என்றேன். "அது எங்க வீட்லயும்தான் கெடக்கு" என்றார். வீட்டுக்கு வந்து ஒரு போர்டு எழுதி, வாசலில் தொங்கவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு, உடனே கழற்றிவிட்டேன். அந்தப் படத்தைக் கொடுத்த பிறகுதான் நான் தொழில் செய்பவள் என்று காகிதம் ஒத்துக்கொண்டது.

இனி ராசிக்கு வருகிறேன்.

தனியாக வந்தபிறகு எனக்குக் கிடைத்த முதல் லேபிள் வேலை, தரைச்சக்கரம் மட்டுமே செய்கிற ஒரு சின்னக் கம்பெனிக்காரருடையது. போனில் ஒரு நடிகையின் படத்தை அனுப்பினார். தீப்பெட்டி அளவு படம்.

"இந்த மொகத்தப் பெருசாப் போட்டு, சுத்தி நச்சத்திரமாத் தெளிச்சுவுட்டுரு தாயி."

"பெருசு பண்ணா மூக்கெல்லாம் கட்டம் கட்டமாத் தெரியும் அண்ணாச்சி."

"சக்கரம் வாங்குறவன் மூக்கையா பாக்கப் போறான்?"

நான் நடிகையை விட்டுவிட்டு ஒரு வெள்ளாட்டுக்குட்டியை வரைந்தேன். எனக்குச் சொந்த ஊர் மல்லாங்கிணறு பக்கம், மானாவாரிக் காடு. மழை பெய்த மறுநாள் ஆட்டுக்குட்டி ஒரு காரணமும் இல்லாமல் நின்ற இடத்திலேயே துள்ளித் துள்ளித் தன்னைச் சுற்றிக்கொள்ளும். தரைச்சக்கரமும் அதைத்தான் செய்கிறது. குளம்படியிலிருந்து பொறி பறக்கிற மாதிரி வரைந்து அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"தீவாளிக்குக் கறி திங்கிறவன் கையில ஆட்டுப் படத்தக் குடுக்கச் சொல்றயே, நல்லாவா இருக்கும்?"

"திங்கிறதுக்கு முன்னாடி வெடிச்சு முடிச்சுருவாக அண்ணாச்சி."

சிரித்துவிட்டார். சரி என்றார்.

அந்த வருடம் அவருடைய சக்கரம் கடைசிப் பெட்டிவரை விற்றது. ஏன் விற்றது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஒரு பெரிய கம்பெனியின் லோடு வடக்கே போகிற வழியில் மழையில் மாட்டிக்கொண்டது. கடைக்காரர்கள் கையில் கிடைத்த சக்கரத்தை வாங்கினார்கள். ஐப்பசியில் அவரே இதை என்னிடம் சொன்னார். கார்த்திகை பிறந்ததும் மறந்துவிட்டார். தை மாதம் எனக்கு ஆறு கம்பெனியிலிருந்து போன். எல்லாருக்கும் அந்த ஆட்டுக்குட்டியை வரைந்த பிள்ளை வேண்டும்.

ஆட்டுக்குட்டி நன்றாக இருந்ததாக ஒருவர்கூடச் சொல்லவில்லை. "கை ராசி" என்றார்கள்.

மூன்று வருடம் அப்படி ஓடியது. வளர்பிறையில்தான் வேலையைத் தொடங்க வேண்டும் என்றார்கள். நல்ல நேரத்தில் முதல் கோடு போடுவதை வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள். ஒருவர் என் திரைக்குச் சந்தனம் வைத்துவிட்டுப் போனார், அதைத் துடைக்க எனக்கு அரை நாள் ஆனது. இன்னொருவர் வேறு ஆளிடம் முழு லேபிளையும் முடித்து வாங்கிக்கொண்டு என் மாடிக்கு ஏறி வந்தார். "எல்லாம் முடிஞ்சிருச்சு. நீங்க சும்மா ஒருக்க மவுஸத் தொட்டுக் குடுங்க" என்றார். அறையில் ஒரே நாற்காலி என்பதால் நின்றுகொண்டே கேட்டார். தொட்டுக் கொடுத்தேன். அதற்கும் கூலி வாங்கினேன்.

இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ராசி, மண்ணாங்கட்டி என்று வீட்டில் கத்துவேன். போனில் யாராவது "உங்க கை ராசிக்காகத்தான் வாரோம்" என்றால், "எல்லாம் அம்மன் புண்ணியம் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு விலையைக் கொஞ்சம் ஏற்றிச் சொல்வேன். ஒரு வருடம் காய்ச்சலில் கிடந்தபோது ஒரு கம்பி மத்தாப்பு லேபிளை ஏனோதானோ என்று செய்து தள்ளினேன். நிறம் சரியில்லை, எழுத்து சரியில்லை, எனக்கே பார்க்கக் கூசியது. அதுவும் நன்றாகத்தான் விற்றது. அதற்கும் அதே பாராட்டு. உயிரைக் கொடுத்து வரைந்ததற்கும் ராசி, காய்ச்சலில் கிறுக்கியதற்கும் ராசி. அப்போதாவது எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆர்டர் வந்துகொண்டிருந்தது.

நான்காவது வருடம் வைகாசியில், மதினி வேலை பார்த்த கம்பெனியில் தீப்பிடித்தது. நான் லேபிள் போட்டுக் கொடுக்கும் கம்பெனிதான் அது. கிஃப்ட் பாக்ஸ், சக்கரம், புஸ்வாணம் மூன்றுக்கும் அந்த வருடம் நான்தான் வரைந்திருந்தேன். மத்தியானம் சோற்று நேரத்துக்குச் சற்று முன்னால் மூன்று ரூம் தரைமட்டம். முதல் பொறிக்கே எல்லாரும் வெளியே ஓடியதால் சாவு இல்லை. இரண்டு பேருக்குத் தீக்காயம். அதில் ஒருவருக்கு இன்றுவரை கையை முழுதாக மூட முடியாது. பாக்கிங் பிரிவு தள்ளி இருந்ததால் மதினி தப்பித்தாள். வீட்டுக்கு வந்து தூக்குவாளியைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு ஒன்றே ஒன்று சொன்னாள்.

"நாலு பேரு உக்காருற ரூம்ல ஒம்பது பேரு இருந்தாக. இம்புட்டு வெயில்ல."

அவ்வளவுதான் காரணம். ஆர்டர் கூடிவிட்டது, ஆளைக் கூட்டிவிட்டார்கள். கம்பெனிக்கு உரிமம் நிறுத்தப்பட்டது. ஒரு வாரம் கழித்து டீக்கடையில் முதலாளியின் மச்சினன் பேசியதாக அண்ணன் வந்து சொன்னான். இந்த வருடத்து லேபிளில் சிவப்பு கூடிப்போயிற்றாம். பார்க்கும்போதே நெருப்பு மாதிரி இருந்ததாம். அந்தப் பிள்ளை கை திரும்பிவிட்டதாம்.

நான் சிரித்தேன். பட்டாசு லேபிளில் சிவப்பு போடாமல் பச்சையா போடுவார்கள் என்றேன். அண்ணன் சிரிக்கவில்லை.

அடுத்த பத்து நாளில் நான்கு பேர் வேலையை நிறுத்தச் சொன்னார்கள். ஒருவரும் காரணம் சொல்லவில்லை. "இந்த வருசம் பளைய லேபிளே போதும் தாயி" என்றார்கள். ஆட்டுக்குட்டி அண்ணாச்சியும் அதையேதான் சொன்னார். பழைய லேபிள் எது? நான் போட்டதுதானே? ஆனால் அது ராசி இருந்த காலத்தில் போட்டது. என்ன கணக்கோ. மூன்று வருடம் என் கையைக் கும்பிட்டவர்களிடம் போய், 'கைக்கும் விற்பனைக்கும் என்ன சம்பந்தம்' என்று சண்டை போட எனக்கு வாய் இல்லை. விற்றபோது வாயை மூடிக்கொண்டுதானே இருந்தேன்?

என் பழைய அச்சாபீஸ் மொதலாளி கூப்பிட்டு அனுப்பினார். கெட்ட மனிதர் இல்லை. டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

"இது ஒரு பெரிய விசயமே இல்ல. இருக்கன்குடிக்குப் போ. ஆத்துல குளிச்சிட்டு ஈரத்துணியோட ஒரு அக்கினிச்சட்டி எடு. அந்த மவுஸக் கொண்டுபோயி ஆத்தா காலடியில வச்சு எடு. நான் நாலு பேருகிட்ட சொல்லிவுடுதேன், தோசம் களிஞ்சிருச்சுன்னு. ஆவணிக்குள்ள ஆளுக வந்து நிப்பாக."

"என்ன தோசம் மொதலாளி?"

"ஏம்மா, தெரியாத மாதிரி கேக்க."

"தெரியாமத்தான் கேக்கேன். ஒம்பது பேர உக்கார வச்சது யாரு? நானா?"

"அதப் பேசி என்னாகப் போவுது? அவரு பெரிய ஆளு. நீ ஒரு சட்டி எடுத்தா எல்லாருக்கும் சோலி முடிஞ்சிரும்."

எல்லாருக்கும் சோலி முடிந்துவிடும். எனக்கு அம்மனோடு ஒரு தகராறும் இல்லை. ஒவ்வொரு ஆடிக்கும் இருக்கன்குடி போகிறவள்தான் நான். மதினியின் மகனுக்கு முடி இறக்கியது அங்கேதான். அம்மனைக் கும்பிடுவதில் எனக்கு என்ன கஷ்டம்? ஆனால் நான் சட்டி எடுத்தால் அந்தத் தீ என்னுடையது ஆகிவிடும். என் கையால் வந்தது, என் கை கழுவியதும் போய்விட்டது என்று ஊர் எழுதி முடித்துவிடும். கையை மூட முடியாமல் கிடக்கிறாரே, அவருக்கும் அதுதான் பதில் என்றாகிவிடும். முடியாது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மதினிதான் விடவில்லை. "போயி ஒரு கும்புடு போட்டா என்ன கொறஞ்சா போவ? சோறு வேணும்ல?"

"நீதான மதினி சொன்ன, ஒம்பது பேருன்னு?"

"ஒங்கிட்ட சொன்னேன். ஊருக்கா சொன்னேன்? ஊருக்குச் சொன்னா எனக்கு எவன் வேல குடுப்பான்?"

அவள் சொல்வதும் நியாயம்தான். அதனால்தான் இன்னும் எரிச்சல் வந்தது.

அந்த வருடம் எப்படி ஓடியது என்று விவரிக்க எனக்கு இஷ்டம் இல்லை. காதுகுத்துக்கு ஃபிளெக்ஸ் போட்டேன். விருதுநகரில் ஒரு மல்லிப்பொடி வியாபாரிக்குப் பாக்கெட் வரைந்தேன். அவர் காதுக்கும் சங்கதி போயிருந்தது. "நீங்க ராசியில்லாதவுகன்னு பேசிக்கிட்டாக" என்றார் முகத்துக்கு நேராக. நான் எழுந்துவிட்டேன். "உக்காருங்க, உக்காருங்க. மல்லிப்பொடி வெடிக்கவா போவுது? விலையில மட்டும் கொஞ்சம் பாத்துப் போடுங்க" என்றார். உடைந்த பொருளுக்குத் தள்ளுபடி கேட்பதுபோல. அவரிடமாவது ஒளிவு மறைவு இல்லை. தள்ளுபடி கொடுக்கவில்லை, வேலையை முடித்துக் கொடுத்தேன். அச்சாபீஸ் மொதலாளி திரும்ப வேலைக்கு வரச் சொல்லி இரண்டு தடவை ஆள் அனுப்பினார். மூன்றாவது தடவை அனுப்பியிருந்தால் போயிருப்பேன். அனுப்பவில்லை.

தீப்பிடித்த கம்பெனி அடுத்த தை மாதம் வேறு பெயரில் திறந்தது. அதே இடம், அதே முதலாளி. மதினி உட்படப் பழைய ஆட்கள் திரும்பப் போனார்கள். புது லேபிள்களைச் சிவகாசியில் இப்போது ராசியானவர் என்று பேர் வாங்கியிருக்கும் ஒருவரிடம் போட்டிருந்தார்கள். முழுக்க நீலம். ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை. கடலுக்கடியில் புஸ்வாணம் விட்ட மாதிரி இருந்தது. அது எனக்குச் சம்பந்தம் இல்லாதது.

இரண்டு வாரம் கழித்து அந்தக் கம்பெனி போர்மேன் என் மாடிக்கு வந்தார். கையில் கசங்கிய நான்கு பெட்டிகள்.

"மடிப்பு நிக்க மாட்டேங்கு. பொம்பளையாளுக சத்தம் போடுதாக. பளைய டப்பாவக் குடுத்தாத்தான் வேல பாப்போம்ங்காக."

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பெட்டியில் படம் என்பது மேல்தோல்தான். அதற்கு அடியில் கோடுகள் உண்டு. அட்டையை எங்கே வெட்ட வேண்டும், எங்கே மடிக்க வேண்டும், எங்கே பசை ஒட்ட வேண்டும் என்கிற மடிப்புக்கோடுகள். எல்லாரும் யாரோ எப்போதோ போட்ட கோட்டையே எடுத்து நீட்டிக் குறுக்கி வைத்துக்கொள்வார்கள். நான் அப்படிச் செய்ததில்லை. என் மேஜையில் அட்டையை வெட்டி ஒரு பெட்டி செய்வேன். அதை மதினியிடம் கொடுப்பேன். அவள் டிவி பார்த்துக்கொண்டே, பெட்டியைப் பார்க்காமல் மடிப்பாள். எங்கேயாவது மாட்டினால் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலேயே திட்டுவாள். "எந்தக் கூறுகெட்டவ போட்டா இத? இந்தக் காது வெரலக் கிளிக்குது." மாடிக்கு ஓடிப்போய், உள்ளே செருகும் அந்தக் காதை அரை மில்லிமீட்டர் சரிவாக வெட்டிக் கொண்டுவருவேன். திட்டு நிற்கும்வரை ஏறி இறங்குவேன். பாக்கிங் பெண்களுக்குப் பெட்டி எண்ணிக்கைக்குத்தான் கூலி. மடிப்பு மாட்டினால் அன்றைய கூலி போயிற்று. இதற்கு யாரும் எனக்குத் தனியாகப் பணம் கொடுத்ததில்லை. நான் செய்கிறேன் என்று யாருக்கும் தெரியவும் தெரியாது.

போர்மேன் போன மறுநாள் முதலாளியே அவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் என் வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. மூச்சு வாங்கியது. நான் எழுந்து என் நாற்காலியைக் கொடுத்துவிட்டு ஜன்னல் திண்டில் சாய்ந்து நின்றேன்.

"நல்லா இருக்கீகளா அண்ணாச்சி?"

"இருக்கேன் தாயி. ஒரு சகாயம் செய்யணும். அந்த மடிப்புக்கோட்ட மட்டும் தனியாப் போட்டுக் குடுத்துரு. படம் அவரு போட்டதே இருக்கட்டும். உள்ள ஒன் மடிப்பு, வெளிய அவரு படம். ஒனக்கும் நட்டமில்ல, எனக்கும் பயமில்ல."

"என்ன பயம்?"

"மனசு ஒப்ப மாட்டேங்குதுத்தா. ஒருக்க பட்டாச்சு. அந்தச் செவப்பு..."

"அன்னைக்கி அந்த ரூம்ல எத்தன பேரு இருந்தாக அண்ணாச்சி?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "முடிஞ்சு போனத எதுக்குக் கெளறிக்கிட்டு" என்றார்.

"நான் கெளறல. அச்சாபீஸ்ல நாலு பேர் இருக்கும்போது ஒரு வார்த்த சொல்லிருங்க, ரூம்ல ஆள் கூடிப்போச்சு, அந்தப் பிள்ளைக்கும் தீக்கும் சம்பந்தமில்லன்னு. சாயங்காலமே மடிப்பு வந்துரும்."

அவர் எழுந்து படியில் இறங்கிப் போனார். போர்மேன் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன், ஒரு நான்கு நாள். ஐந்தாம் நாள் மதினி வேலை முடிந்து வந்து இரண்டு கையையும் என் முகத்துக்கு முன்னால் விரித்துக் காட்டினாள். கட்டை விரலிலும் ஆட்காட்டி விரலிலும் வெட்டு வெட்டாக இருந்தது. அட்டைக் காது கிழித்தது. துணி சுற்றிக்கொண்டுதான் எல்லாரும் மடிக்கிறார்களாம். துணி சுற்றினால் வேகம் வராது. அந்த வாரக் கூலியில் பாதிகூட வரவில்லை என்றாள்.

"அவருட்ட சொல்லு மதினி. எங்கிட்ட ஏன் காட்டுத?"

"ஒன் ரோசம் ஒனக்கு. எங்க வெரலுக்கு ரோசம் கெடையாது. நாப்பது பொம்பள துணி சுத்திக்கிட்டு உக்காந்திருக்கோம். அவரு வீட்ல யாராச்சும் துணி சுத்திருக்காகளா?"

"அப்ப அவரு சொன்னதுக்குத் தலையாட்டச் சொல்றியா?"

"நீ ஆட்டு, ஆட்டாம இரி. டப்பா மடியணும்."

அவரோடு நான் போட்ட சண்டையில் அவருக்கு ஒரு கீறலும் விழவில்லை. விழுந்ததெல்லாம் மதினி விரலில். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் மேஜையில் உட்கார்ந்தேன். மூன்று நாளில் அந்தக் கம்பெனியின் புது அளவில் ஆறு வகைப் பெட்டிக்கும் மடிப்புக்கோடு போட்டு முடித்தேன். ஒவ்வொன்றையும் மதினியிடம் கொடுத்து மடிக்கச் சொன்னேன். காயத்தோடு மடித்தாள், காயத்தோடு திட்டினாள்.

போர்மேனைக் கூப்பிட்டு வேலை முடிந்தது என்றேன். ஒரு முழு லேபிளுக்கு வாங்குகிற கூலியை மடிப்புக்கு மட்டும் கேட்டேன். சரி என்று தகவல் வந்தது. அச்சாபீஸில் கொண்டுவந்து கொடுக்கச் சொன்னார்கள். போனேன். வழக்கமான காலை நேரம். மொதலாளி, பைண்டிங் ஆட்கள், லேபிள் பார்க்க வந்த இரண்டு கம்பெனிக்காரர்கள், எல்லாருக்கும் டீ வந்திருந்தது. தீப்பிடித்த கம்பெனி அண்ணாச்சியும் இருந்தார். ஃபைலைக் கணினியில் ஏற்றிக் காட்டினேன். கணக்கை முடித்தார். எழுந்து போகும்போது பெருந்தன்மையாக ஒரு வார்த்தை சொன்னார்.

"மனசுல ஒண்ணும் வச்சிக்கிடாத தாயி."

"வச்சிருக்கேன் அண்ணாச்சி" என்றேன். "நாலு பேரு ரூம்ல ஒம்பது பேரு. அத வச்சிருக்கேன்."

நான் மெதுவாகப் பேசுகிற ஆள் இல்லை. மிஷின் சத்தத்தையும் தாண்டிக் கேட்டிருக்கும். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் டீயையே பார்த்தார்கள். அண்ணாச்சி செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார். மொதலாளி மட்டும், "ஒனக்கு வாய்தான் எதிரி" என்றார். இருக்கட்டும். அந்தச் சிவப்புக் கதையை அதற்குப் பிறகு என் முன்னால் யாரும் எடுக்கவில்லை. எனக்குப் பின்னால் பேசுவார்கள். அதை என்னால் நிறுத்த முடியாது.

இரண்டு மாதம் கழித்து வேறொரு கம்பெனி போர்மேன் வந்தார். அங்கே பாக்கிங்கில் இருந்த ஒரு பெண் மதினிக்குத் தெரிந்தவள். "அந்தக் கம்பெனி டப்பா மாதிரி மடியணுமாம்" என்றார். பிறகு இன்னொருவர். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு பேர். இன்றைக்கு இந்த வட்டாரத்தில் பட்டாசுப் பெட்டி மடிப்புக்கு என்னிடம்தான் வருகிறார்கள், வருடம் முழுவதும் வேலை இருக்கிறது. முதலாளிகள் யாரும் வருவதில்லை, போர்மேன்கள்தான். அவர்களில் ஒருவர்கூட வளர்பிறை பார்த்து வந்ததில்லை. ராகு காலத்தில் வந்து நின்றுகொண்டு, நேற்றே வேண்டும் என்கிறார்கள். மடிப்புக்கோட்டில் ராசி இருப்பதாக இதுவரை யாருக்கும் தோன்றவில்லை. யாரும் தோன்ற வைக்காமல் இருந்தால் சரி.

படம் வரையச் சொல்லி ஒன்றிரண்டு பேர்தான் கேட்கிறார்கள். அதில் எனக்கு வருத்தம் உண்டு. இல்லை என்று சொன்னால் பொய். அந்த ஆட்டுக்குட்டியைப்போல இன்னொன்று வரைந்து மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது.

தீப்பிடித்த கம்பெனியின் பெட்டியும் என் மடிப்புதான் இன்றுவரை. அண்ணாச்சி வருவதில்லை, போர்மேனை அனுப்புகிறார். வேலையை வாங்கிக்கொள்ளும் முன் ஒவ்வொரு தடவையும் கேட்பேன், ரூமில் இப்போது எத்தனை பேர் என்று. "நாலுதாம்மா, சத்தியமா" என்பார். அவர் போன பிறகு மதினியிடமும் கேட்பேன்.

"இப்பத்திக்கு நாலுதான்" என்றாள் போன வாரம். "சீசன் வரட்டும். எண்ணிச் சொல்றேன்."